துப்பாக்கி சேர்த்தவர் தந்த அருங்காட்சியகம்

உங்களில் சிலர் தபால்தலை சேர்ப்பீர்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பீர்கள். கோலிக்குண்டு, மயிலிறகு, சிப்பி, தீப்பெட்டிப் படம் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். அம்மா திட்டினாலும் அந்த டப்பாவை மட்டும் யாருக்கும் தர மாட்டீர்கள், இல்லையா?

இங்கிலாந்து நாட்டில் ஒருவர் இருந்தார். அவர் சேர்த்தது என்ன தெரியுமா? துப்பாக்கிகள்! பழைய துப்பாக்கி, புதிய துப்பாக்கி, உடைந்த துப்பாக்கி, துப்பாக்கியின் விசை என்று வீடு முழுக்க வாங்கி அடுக்கினார். சண்டை போடுவதற்காக அல்ல. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்பதற்காக! அந்தப் பொழுதுபோக்கு, கடைசியில் உலகப் புகழ்பெற்ற ஓர் அருங்காட்சியகமாக மாறியது. நம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு வரைக்கும் அவருடைய வழிமுறை வந்து சேர்ந்தது.

அவர் பெயர் அகஸ்டஸ் பிட் ரிவர்ஸ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பதினான்கு வயதில் ராணுவப் பள்ளி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் பிறந்தார். அப்போது அவருடைய பெயர் அகஸ்டஸ் லேன் பாக்ஸ். பிட் ரிவர்ஸ் என்ற பெயர் பிற்பாடுதான் வந்தது. அது எப்படி வந்தது என்பதே ஒரு சுவையான கதை. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

வசதியான குடும்பம்தான். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொத்து முழுவதும் பெரும்பாலும் மூத்த மகனுக்கே போகும். இளைய மகன்கள் தங்கள் பிழைப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அகஸ்டஸ் இளைய மகன். ஆகவே 14 வயதில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளிக்குப் போனார். சில மாதங்கள்தான் அங்கே படித்தார். 1845-இல், 18 வயதில், கிரெனடியர் கார்ட்ஸ் என்ற புகழ்பெற்ற படைப்பிரிவில் இளம் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் அவருக்கு ஒரு வேலை வந்தது. வீரர்களுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று சோதித்துப் பார்க்கும் வேலை. அதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

பம்பரமும் தோட்டாவும்

அப்போது ராணுவ வீரர்கள் கையில் இருந்தது வழுவழுப்பான குழல் கொண்ட பழைய துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டுவார்கள். மேலே ஓர் ஈயக் குண்டைப் போடுவார்கள். நீண்ட கம்பியால் குத்தி இறுக்குவார்கள். பிறகுதான் சுட முடியும். சீக்கிரம் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகக் குண்டைக் குழலைவிடச் சற்றுச் சிறியதாகச் செய்திருப்பார்கள். அதனால் அது குழலுக்குள் அங்கும் இங்கும் இடித்துக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது! 100 கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது கடினம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாகக் காடிகள் வெட்டினால், குண்டு அவற்றில் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியேறும். நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். சுழலும்வரை பம்பரம் சாயாமல் நிற்கிறது. சுழற்சி நின்றதும் தலைசாய்ந்து விழுகிறது. தோட்டாவும் அப்படித்தான். சுழன்றால் நிலை மாறாமல் நேராகப் போகும். இப்படிக் காடி வெட்டிய துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர்.

ஆனால் ஒரு சிக்கல். குண்டு காடியில் பிடிக்க வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே இறக்க நேரமாகும். எதிரி ஓடி வரும்போது யாரால் நிதானமாகக் குத்திக்கொண்டிருக்க முடியும்?

பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே என்பவர் இதற்கு அழகான விடை கண்டார். தோட்டாவைக் கூம்பு வடிவில் செய்து, அதன் அடியில் ஒரு குழி வைத்தார். அளவு சற்றுச் சிறியது. ஆகவே சுலபமாக உள்ளே இறங்கும். வெடிமருந்து வெடித்ததும் அதன் அழுத்தத்தில் அடிப்பகுதி விரிந்து காடிகளைக் கவ்விக்கொள்ளும். இறங்கும்போது தளர்ச்சி, வெளியேறும்போது இறுக்கம்! ஒரு சின்னக் குழிதான், ஆனால் போர்முறையையே அது மாற்றிவிட்டது.

இந்த மினியே துப்பாக்கியைச் சோதித்து, பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பழக்கிய அதிகாரிகளில் அகஸ்டஸும் ஒருவர். ஹைத் என்ற ஊரில் தொடங்கிய சுடும் பயிற்சிப் பள்ளியிலும், மால்டா தீவிலும் அவர் பயிற்சி அளித்தார்.

வீடு நிறையத் துப்பாக்கி

வேலைக்காகப் பல வகைத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். எந்தப் புதுத் துப்பாக்கியும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தைய துப்பாக்கியைப் போலவே இருந்தது. எங்கோ ஒரு சிறு மாற்றம் மட்டும் இருக்கும். ஒருவர் விசையைக் கொஞ்சம் மாற்றுவார். இன்னொருவர் காடியைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். மற்றொருவர் கட்டையை வளைப்பார். நன்றாக இருந்தால் அந்த மாற்றம் நிலைக்கும். சரிப்படாவிட்டால் மறைந்துபோகும்.

இதை உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். துப்பாக்கியில் வெடிமருந்துக்குத் தீ வைப்பது எப்படி? முதலில் புகையும் திரியை வைத்துத்தான் பற்றவைத்தார்கள். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இரவில் திரியின் கனல் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒரு சக்கரம் சுழன்று, கல்லில் உரசிப் பொறி தரும் வகை வந்தது. அது கடிகாரம் போல நுட்பமானது, விலையும் அதிகம். அடுத்து, சிக்கிமுக்கிக் கல் எஃகில் அடித்துப் பொறி தரும் வகை வந்தது. அது மலிவு. கடைசியாக, தட்டினாலே வெடிக்கும் மருந்தைச் சின்னச் செப்புத் தொப்பியில் வைத்து, சுத்தியலால் அடிக்கும் முறை வந்தது.

தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வைத்து விளையாட்டுத் துப்பாக்கியில் டப் டப் என்று வெடிப்பீர்களே, அதே தத்துவம்தான்! உங்கள் கையில் இருக்கும் அந்தப் பொம்மைக்குள்ளும் சில நூற்றாண்டுகளின் வரலாறு ஒளிந்திருக்கிறது.

அகஸ்டஸ் இவற்றை வரிசையாகச் சேர்க்கத் தொடங்கினார். 1850-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. ஏலக் கடை, பழைய பொருள் கடை என்று தேடித் தேடி வாங்கினார். மற்றவர்கள் தங்கம் இழைத்த அரசர் துப்பாக்கி, ரத்தினம் பதித்த வாள் என்று அழகானதைத் தேடினார்கள். இவருக்கோ சாதாரணப் பொருள்தான் வேண்டும். வரிசையில் ஒரு படி குறைந்தால் அந்தப் படியைத் தேடி அலைவார். தோற்றுப்போன மாதிரிகளும் அவருக்கு வேண்டும். ஏனென்றால், ஏன் தோற்றது என்பதும் ஒரு பாடம்தானே!

ஆல்மா போர்க்களம்

1853-இல் கிரிமியா போர் மூண்டது. ஒரு பக்கம் ரஷ்யா. மறு பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. 1854-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ஆல்மா ஆற்றங்கரையில் பெரும் சண்டை நடந்தது. அகஸ்டஸ் அங்கே இருந்தார்.

பிரிட்டிஷ் வீரர்கள் பலர் கையில் மினியே துப்பாக்கி. ரஷ்ய வீரர்களில் பெரும்பாலோர் கையில் பழைய வழுவழுப்புக் குழல் துப்பாக்கி. அவர்கள் சுட்டது எட்டாத தூரத்திலிருந்தே அவர்கள் வீழ்த்தப்பட்டார்கள். பயிற்சி மைதானத்தில் பலகையைக் குறிவைத்துச் சோதித்த அதே கருவி, இங்கே மனிதர்களைக் குறிவைத்தது. இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், காயமடைந்தார்கள்.

குழந்தைகளே, இதை நாம் மறைக்கக் கூடாது. துப்பாக்கி என்பது உயிரைப் பறிக்கச் செய்யப்பட்ட கருவி. அதன் அமைப்பு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அதன் வேலை அதுதான். அகஸ்டஸ் உடல்நலம் கெட்டு நாடு திரும்பினார். அதன்பின் அவர் போர்க்களம் காணவே இல்லை.

நம் நாட்டோடும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. மினியே துப்பாக்கிக்கு அடுத்து வந்ததுதான் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி. அதன் தோட்டா காகித உறையில் இருக்கும். வாயால் கடித்துத் திறக்க வேண்டும். அந்த உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியது. இந்து வீரர்களும் முஸ்லிம் வீரர்களும் கொதித்தெழுந்தார்கள். 1857-ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்கு இது ஓர் உடனடிக் காரணம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்களே! அந்தத் துப்பாக்கி இதுதான்.

துப்பாக்கியிலிருந்து வளரி வரை

போரிலிருந்து திரும்பியவர் சேகரிப்பை விடவில்லை. அதை இன்னும் விரித்தார். 1858-இல் ரைபிள் எப்படிப் படிப்படியாகச் சீர்பட்டது என்பது பற்றி லண்டனில் ஓர் உரை ஆற்றினார். அடுத்த ஆண்டே சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. உயிரினங்கள் சிறு சிறு மாற்றங்களால் காலப்போக்கில் மாறுகின்றன என்று டார்வின் விளக்கினார். அகஸ்டஸுக்கு எப்படி இருந்திருக்கும்! துப்பாக்கியில் தாம் கண்ட வரிசையும் இப்படித்தானே இருக்கிறது என்று அவர் இரண்டையும் இணைத்துப் பார்த்தார்.

துப்பாக்கிக்கு முன்னே என்ன இருந்தது? வில். வில்லுக்கு முன்னே? ஈட்டி. ஈட்டிக்கு முன்னே? வெறும் கம்பு! ஆகவே வில், ஈட்டி, கேடயம், கதை என்று சேர்த்தார். பிறகு ஆயுதம் மட்டும் போதாது என்று பூட்டு, சாவி, கூடை, பானை, இசைக்கருவி, ஆடை என எல்லாவற்றையும் சேர்த்தார். வீடு கொள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் வீசும் பூமராங் அவரை மிகவும் கவர்ந்தது. எகிப்திலும் இந்தியாவிலும் அதுபோன்ற வளைந்த எறிகட்டைகள் இருப்பதைக் கண்டு ஒப்பிட்டார். பழைய எகிப்தியக் கட்டை ஒன்றைப் பார்த்து அதேபோல் செய்து, வெளியே கொண்டுபோய் வீசிப் பார்த்தார். நம் தென்மாவட்டத்து வீரர்கள் வீசிய வளரியும் இந்த வகை ஆயுதம்தான். புத்தகத்தில் படித்ததோடு நிற்காமல், செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார் பாருங்கள், அந்தக் குணம் நாம் கற்க வேண்டியது.

1875-இல் அவர் ஒரு படம் வெளியிட்டார. நடுவில் ஒரு சாதாரணக் கம்பு. அதிலிருந்து நாலாபுறமும் கிளைகள். ஒரு கிளையில் கம்பு மெல்ல வளைந்து பூமராங் ஆகிறது. இன்னொரு கிளையில் அகன்று கேடயம் ஆகிறது. வேறொன்றில் நீண்டு ஈட்டி ஆகிறது. ஒரே பார்வையில் புரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

ஆனால் அவர் சொன்னது எல்லாம் சரியா? இல்லை. கருவிகளை வரிசைப்படுத்தியது போலவே மனித இனங்களையும் தாழ்ந்தவர், உயர்ந்தவர் என்று வரிசைப்படுத்தலாம் என அவரும் அவர் காலத்து அறிஞர் பலரும் எண்ணினார்கள். அது தவறு. வில் எய்யும் மக்கள், துப்பாக்கி சுடும் மக்களைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அந்தந்த மக்கள் தங்கள் காட்டுக்கும் கடலுக்கும் ஏற்ற கருவியைச் செய்துகொண்டார்கள். இன்றைய அறிவியல் அந்தப் பழைய எண்ணத்தை ஏற்பதில்லை.

ஏழைத் தொழிலாளர் பார்க்கட்டும்

சேர்த்ததைப் பூட்டி வைத்திருந்தால் அவரை நாம் இன்று நினைத்திருக்க மாட்டோம். 1874-இல் தம் பொருட்களை லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள பெத்னல் கிரீன் என்ற இடத்தில் காட்சிக்கு வைத்தார். அது தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அறிஞர்கள் மட்டுமல்ல, கூலி வேலை செய்பவரும் பார்த்துக் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இதில் அவருக்கு ஒரு கணக்கும் இருந்தது. உலகில் எல்லாம் மெதுவாகத்தான் மாறும் என்று மக்கள் கண்ணால் பார்த்தால், திடீர்ப் புரட்சியில் இறங்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். செல்வந்தர் அல்லவா, புரட்சி என்றால் அவருக்குப் பயம்! அந்தக் கருத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அறிவை எல்லோருக்கும் திறந்துவைத்ததை ஏற்கலாம்.

பெயர் மாறிய கதை

இப்போது பெயர்க் கதைக்கு வருவோம். 1880-இல் ஓர் அதிசயம் நடந்தது. தூரத்து உறவினர் குடும்பத்தின் பெரும் சொத்து அவருக்கு வந்து சேர்ந்தது. சொத்துக்கு உரிமை கொண்டவர்கள் வரிசையாக வாரிசின்றி மறைந்துபோக, இவர் முறை வந்துவிட்டது. தென் இங்கிலாந்தில் கிரான்போர்ன் சேஸ் என்ற பகுதியில் 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம்! ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தம் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் லேன் பாக்ஸ், பிட் ரிவர்ஸ் ஆனார். அப்போது அவருக்கு வயது 53.

திடீரென்று பணம் வந்தால் சிலர் என்ன செய்வார்கள்? விருந்து, பந்தயம் என்று கரைப்பார்கள். இவர் மண்ணைத் தோண்டினார்!

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1860-களில் ராணுவப் பணியாக அயர்லாந்தில் இருந்தபோது, பழங்கால வட்டக் கோட்டைகளை உழவுக்காக இடித்துத் தள்ளுவதைப் பார்த்து வருந்தினார். இருப்பதை அளந்து, வரைந்து, குறித்து வைக்கத் தொடங்கினார். தரைக்கு மேலே கிடைத்த பொருட்களைச் சேர்த்தவர், தரைக்குக் கீழே இருப்பதையும் தேட ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

தோண்டுவதற்கும் ஒரு முறை உண்டு

அக்காலத்தில் பலர் பழைய மேடுகளைத் தோண்டினார்கள். எதற்கு? தங்கம் கிடைக்குமா, அழகான சிலை கிடைக்குமா என்று! நடுவில் ஒரு குழி போடுவார்கள். நல்லதை எடுத்துக்கொள்வார்கள். உடைந்த ஓட்டை வீசிவிடுவார்கள். மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிட் ரிவர்ஸ் இதை மாற்றினார். துப்பாக்கி சேர்த்த காலத்தில் கற்ற பாடம் இங்கே உதவியது. அழகானது அல்ல, சாதாரணமானதே அதிகம் பேசும். ஒரு தங்கக் காசை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாப்பார்கள். அதை வைத்துக் காலம் சொல்வது கடினம். உடைந்த பானையை யார் பாதுகாப்பார்? உடைந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே ஓட்டுத் துண்டுதான் உண்மையான சாட்சி!

அவர் இடம் முழுவதையும் தோண்டினார். எந்தப் பொருள் எந்த அடுக்கில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று குறித்தார். வரைபடம் வரைந்தார். மரத்தில் மாதிரி செய்தார். எலும்பு, ஆணி, ஓடு எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் நான்கு பெரிய நூல்களாக 1887 முதல் 1898 வரை தம் சொந்தச் செலவில் அச்சிட்டார்.

தோண்டிய குழியை மூடும் முன் அதன் அடியில் தம் பெயர் பொறித்த ஒரு சிறு பதக்கத்தைப் போட்டுவிடுவார். எதற்குத் தெரியுமா? பிற்காலத்தில் யாராவது அங்கே தோண்டினால், இது ஏற்கெனவே கலைக்கப்பட்ட மண் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஏமாறக் கூடாது என்பதற்காக எடுத்த அக்கறை அது!

இன்னொரு சோதனையும் செய்தார். வோர் பாரோ என்ற பழைய புதைமேட்டைச் சுற்றியிருந்த அகழியை 1893, 1894-ஆம் ஆண்டுகளில் தோண்டினார். பிறகு அதை மூடாமல் அப்படியே விட்டார். மழையிலும் பனியிலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழிந்தன. பிறகு திரும்பப் போய், ஓரங்களிலிருந்து எவ்வளவு மண் சரிந்து அகழியில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். பழங்கால அகழிகள் எப்படித் தூர்ந்தன என்று புரிந்துகொள்ள இது உதவியது. பொறுமை என்றால் இதுவல்லவா பொறுமை!

1882-இல் பிரிட்டனில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் பிட் ரிவர்ஸ்தான். ஆனால் சட்டத்துக்குப் பல் இல்லை. நில உரிமையாளர் சம்மதித்தால்தான் சின்னத்தைக் காக்க முடியும். ஆகவே ஊர் ஊராகப் போய், சின்னங்களை வரைந்து, உரிமையாளர்களிடம் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. வயதான காலத்திலும் அதைச் செய்தார்.

தம் நிலத்தில் லார்மர் தோட்டம் என்ற பூங்காவை அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார். மக்கள் குடும்பத்தோடு வந்து உண்டு மகிழலாம். பாண்டு வாத்தியம் கேட்கலாம். 1899-இல் மட்டும் 40,000 பேருக்கு மேல் அங்கே வந்தார்கள். பண்ணையில் யாக் மாடு, லாமா போன்ற விலங்குகளையும் வளர்த்தார். பக்கத்து ஊரான பார்ன்ஹாமில் இன்னொரு அருங்காட்சியகமும் வைத்தார்.

ஆக்ஸ்போர்டு சென்ற பொக்கிஷம்

முதலில் சேர்த்த பெரும் தொகுப்பை என்ன செய்தார்? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்! 20,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். பொருட்களுக்கென்று ஒரு கட்டடம் வேண்டும், அவற்றைப் பற்றிப் பாடம் நடத்த ஓர் ஆசிரியரும் வேண்டும் என்பது நிபந்தனை. 1884-இல் அந்த அருங்காட்சியகம் உருவானது. எட்வர்ட் டைலர் என்ற அறிஞர் மானிடவியல் கற்பிக்க நியமிக்கப்பட்டார்.

இன்றும் அது பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்குகிறது. இப்போது அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், படங்கள், ஆவணங்கள் உள்ளன. மற்ற இடங்களில் நாடு வாரியாக அடுக்குவார்கள். அங்கே வகை வாரியாக அடுக்கியிருப்பார்கள். உலகம் முழுவதும் உள்ள பூட்டுகள் ஒரு பெட்டியில், விளக்குகள் இன்னொரு பெட்டியில், படகுகள் வேறோர் இடத்தில்! ஒரே தேவைக்கு எத்தனை மக்கள் எத்தனை விதமாக விடை கண்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு முன் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இந்தப் பொருட்கள் எப்படி வந்தன? சில விலைக்கு வாங்கப்பட்டவை. சில அன்பளிப்பு. சிலவோ வெள்ளையர் ஆட்சியின்போது பறிக்கப்பட்டவை. 1897-இல் பிரிட்டிஷ் படை ஆப்பிரிக்காவின் பெனின் நகரத்தைத் தாக்கி, அரண்மனையின் வெண்கல வேலைப்பாடுகளைக் கொள்ளையிட்டது. அவை விற்பனைக்கு வந்தபோது பிட் ரிவர்ஸும் தம் பார்ன்ஹாம் அருங்காட்சியகத்துக்காகப் பலவற்றை வாங்கினார். எதையும் ஆழமாக ஆராய்ந்தவர் அவர். ஆனால் அந்த மக்களின் வேதனையை ஆராயவில்லை. பார்ன்ஹாம் தொகுப்பு பிற்காலத்தில் விற்கப்பட்டுச் சிதறிப்போனது.

ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் இந்தக் கேள்வியை இப்போது எதிர்கொள்கிறது. பல ஆண்டுகளாகக் காட்சியில் இருந்த மனித உடற்பகுதிகளை 2020-இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மனிதரின் தலையை வேடிக்கைப் பொருளாக வைப்பது சரியல்ல என்று உணர்ந்தார்கள். சேர்ப்பது மட்டும் போதாது. எப்படிச் சேர்த்தோம் என்பதும் முக்கியம்!

அரிக்கமேட்டில் அவர் நிழல்

1900-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, 73 வயதில் பிட் ரிவர்ஸ் காலமானார். அவர் அச்சிட்ட பெரிய நூல்களைச் சிலர்தான் புரட்டினார்கள். ஆனால் மார்ட்டிமர் வீலர் என்ற இளம் அறிஞர் அவற்றைப் படித்து வியந்தார். பிட் ரிவர்ஸைத் தம் வழிகாட்டியாகவே கொண்டார்.

அந்த வீலர் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். ரோமானிய நாட்டு மதுச்சாடிகளும் மட்பாண்ட ஓடுகளும் அங்கே கிடைத்தன. தங்கம் அல்ல, உடைந்த ஓடுகள்தான்! எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறித்ததால், தமிழகக் கடற்கரைக்கும் ரோமுக்கும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வணிகத்தின் காலத்தைக் கணிக்க முடிந்தது. அந்த அகழாய்வில் இந்திய மாணவர்களும் பயிற்சி பெற்றார்கள்.

பிற்பாடு கீழடியில் குழி தோண்டிய படங்களை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாக, நேர் சுவரோடு, அடுக்கடுக்காகத் தெரியும். ஓட்டுத் துண்டுகளைக்கூட எண் போட்டு வைத்திருப்பார்கள். அத்தகைய கவனத்துக்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர், ஒரு காலத்தில் துப்பாக்கி விசைகளை வரிசையாக அடுக்கியவர்!

நீங்களும் சேர்க்கலாம்

குழந்தைகளே, இதைப் படித்துவிட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்காதீர்கள்! நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பழைய துப்பாக்கி, தோட்டா எதையாவது எங்காவது கண்டால் தொடவே கூடாது. பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். பார்க்க ஆசையாக இருந்தால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த பழைய ஆயுதங்கள் அங்கே உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அமைதியாகத் தூங்குகின்றன. திரியா, சிக்கிமுக்கிக் கல்லா, செப்புத் தொப்பியா என்று இனி உங்களால் கண்டுபிடிக்க முடியும்!

சேர்ப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. பேனா சேர்க்கலாம். கட்டைப் பேனா, மை ஊற்றும் பேனா, பந்துமுனைப் பேனா என்று வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கிலிருந்து எல்.இ.டி. பல்பு வரை படம் வரைந்து ஒட்டலாம். பூட்டு, மூடி, பொத்தான் எதுவானாலும் சரி. ஆனால் மூன்று செய்திகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கே கிடைத்தது? எப்போது கிடைத்தது? யார் கொடுத்தார்கள்?

இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா. இருந்தால் அது ஒரு சிறு அருங்காட்சியகம். இன்றைக்கே ஆரம்பியுங்களேன்!